ஆலயத்தின் பழுதுகள்



இந்த வாரத் தியானத்திற்கு இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிரசங்க பீடத்தில் அதிகமாகக் கேட்கப்படாத அதிகாரம் அது. எலியாவின் அக்கினி அங்கே இறங்குவதில்லை. எலிசாவின் எண்ணெய் அங்கே பெருகுவதில்லை. ஒரு கட்டட வேலையின் கணக்கு மட்டுமே இருக்கிறது. சாலொமோன் கட்டிய ஆலயத்திற்கு அப்போது ஏறத்தாழ 150 வயது. ஆங்காங்கே பழுது கண்டிருந்தது. மக்கள் கொண்டுவரும் பணத்தால் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி யோவாஸ் ராஜா ஆசாரியர்களுக்குக் கட்டளையிட்டான். அவன் அரசாட்சியின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. ஏன் என்று வேதம் சொல்லவில்லை. கமிட்டிகளில் உட்கார்ந்து பழகிய நமக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

பிறகுதான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் ஒரு துவாரமிட்டு, பலிபீடத்தருகே வைத்தான். விழுந்த பணம் எண்ணப்பட்டு, தச்சர்கள், கொத்தர்கள், கல்தச்சர்கள் கைக்கு நேராகப் போயிற்று. மரமும் வெட்டிய கல்லும் வாங்கப்பட்டன. வெள்ளிக் கிண்ணங்களும் எக்காளங்களும் அந்தப் பணத்தில் செய்யப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

நம் சேகரத்துக் கிளைச்சபை ஒன்றில் ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும் என்ற பேச்சு இரண்டு ஆண்டுகளாக நடக்கிறது. ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. அந்தச் சபையார் இதை வாசிப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். அந்த ஆலயத்திற்கும் வயது 140-ஐத் தாண்டிவிட்டது. வடக்குச் சுவரில் ஜன்னல் வளைவின் உச்சியிலிருந்து ஒரு விரிசல் கூரை நோக்கி ஏறியிருக்கிறது. ஐப்பசி மழையில் பீடத்தின் பக்கமாகத் தண்ணீர் ஒழுகுகிறது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆலயத்தில் இடம் பற்றவில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலைசெய்யும் நம் பிள்ளைகள் புதிய ஆலயத்திற்குத் தாராளமாகக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறார்கள். அவர்கள் ஆசையில் குற்றம் காண என்னால் முடியாது. தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் ஆண்டவருக்கு ஒரு நல்ல வீடு நிற்கவேண்டும் என்றுதான் அவர்கள் விரும்புகிறார்கள்.

அடுத்த மாதம் சபைக் கூட்டம். அதற்கு முன், கையை உயர்த்தப்போகும் ஒவ்வொருவரும் ஒரு நீண்ட பயணம் என்னோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பயணம் இங்கிலாந்திலே தொடங்குகிறது. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். நம் ஆலயத்து ஜன்னல்களை நிமிர்ந்து பாருங்கள். இரண்டு கைகளைக் கூப்பி ஜெபிப்பதுபோல் உச்சியில் கூர்மையாக முடிகிற அந்த வளைவு நம் கரிசல் காட்டில் முளைத்ததல்ல.

அரைவட்ட வளைவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் உயரம் அகலத்தில் சரிபாதிதான். கூட்டவோ குறைக்கவோ முடியாது. பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். ஆகவே சுவர் தடிமனாக இருக்கவேண்டும், ஜன்னல் சிறியதாக இருக்கவேண்டும். 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் கட்டிய ஆலயங்கள் அப்படித்தான் கோட்டைபோல் இருந்தன. இரண்டு விற்களைச் சாய்த்து உச்சியில் முட்டவிடும் கூர்வளைவு 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பரவிற்று. அகலம் எவ்வளவானாலும் வேண்டிய உயரத்திற்கு அதைக் கொண்டுபோகலாம். பாரம் அதிகமாகக் கீழ்நோக்கி இறங்கும்; சுவர் மெலியும்; ஜன்னல் பெரிதாகும். வெயிலுக்கு ஏங்கும் குளிர்நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று, வெயிலுக்கு ஒதுங்கும் நமக்கு உடனே விளங்காது.

இறையியல் கல்லூரியில் இந்தக் கட்டடப் பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். தாமஸ் ரிக்மன் என்பவர் 1817-இல் வெளியிட்ட நூலில் அவற்றைக் காலவரிசைப்படி பிரித்துப் பெயரிட்டார். அப்பெயர்கள் இப்போது உங்களுக்கு அவசியமில்லை. அவற்றைவிட அவசியமானது, ஒரு கிராமத்து ஆலயம் எப்படி வளர்ந்தது என்பதே.

அது ஒரே நாளில் திட்டமிடப்பட்டு, ஒரே கையால் கட்டப்பட்டு, ஒரே பண்டிகையில் திறக்கப்பட்டதல்ல. டர்ஹம் பகுதியிலுள்ள எஸ்கோம்ப் என்னும் சிற்றூரின் ஆலயம் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையின் கற்களை எடுத்துவந்து அதைக் கட்டினார்கள். இப்படிச் சிறிதாகத் தொடங்கிய எத்தனையோ ஆலயங்களில், சபை பெருகியபோது பக்கச் சுவரைத் துளைத்துத் தூண்களும் வளைவுகளும் நிறுத்தி, வெளிப்புறத்தில் ஒரு பக்கக்கூடம் சேர்த்தார்கள். பேரன் காலத்தில் மறுபக்கத்திலும் ஒன்று சேர்ந்தது. கோபுரம் வேறொரு தலைமுறையில் எழும்பிற்று. அதனால்தான் இன்று அங்கே ஒரே ஆலயத்தில் வடபுறம் உருண்டை வளைவும் தென்புறம் கூர்வளைவும் காணப்படுகின்றன. பார்ப்பவருக்கு அது ஒட்டுப்போட்ட துணிபோலத் தோன்றலாம். எனக்கு அந்த ஒட்டுகள்தான் பிரியம்.

அவர்களைப் பழமைவிரும்பிகள் என்று எண்ணிவிடாதீர்கள். இருண்ட பழைய பீடப்பகுதியை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். தேவையானபோது சுவர்களைத் தயங்காமல் உடைத்தார்கள். ஆனாலும் ஒரு பகுதியில் வேலை நடக்கும்போது மற்றொரு பகுதியில் ஆராதனை நடந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. மரித்தோர் உள்ளே கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து அடக்கம்பண்ணப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது நம் கிளைச்சபையில் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. வயது 80-க்கு மேல். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது, "ஐயரய்யா, இடிக்கிறதுன்னா இடிங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புதுக்கோயில் முடிய எத்தனை வருசம் ஆகும்? நடுவுல நான் செத்துட்டா என்னை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?" என்றார்கள். சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். எந்தப் பொறியாளரும் எந்தக் கமிட்டி அங்கத்தினரும் இதுவரை கேட்காத, எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இடம்பெறாத கேள்வி அது. இன்னும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்ட ஒரு வழக்கத்தை நீங்கள் அறியவேண்டும். பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடம் மக்களின் பொறுப்பு. பெரும்பாலான ஊர்களில் இதுதான் முறை. அக்காலத்தில் நடுக்கூடத்தில் இருக்கைகளே இல்லை. நின்றார்கள், அல்லது தரையில் முழங்காற்படியிட்டார்கள். முதியவர்களுக்கும் பலவீனருக்கும் சுவரோரமாகக் கல்திண்ணை இருந்தது. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்த நம் பாட்டன்மாரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் இடம் பழகிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூடத்தின் கூரை ஒழுகினால் ஆயருக்கு மனு எழுதிக் காத்திருக்க முடியாது. ஊரார்தான் ஈயத்தகடு வாங்கவேண்டும்.

அதற்குப் பணம் எப்படிச் சேர்த்தார்கள் என்பது சுவையான கதை. சபை மூப்பர்கள் பார்லியில் மது காய்ச்சி, பண்டிகை நாளில் ஊராருக்கு விற்று, லாபத்தை ஆலயக் கணக்கில் சேர்த்தார்கள். இந்த ஒரு காரியத்தில் அவர்களை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நமக்கு அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறது. 40 ரூபாய்ப் பூசணிக்காயை 4,000 ரூபாய்க்கு எடுக்கும் மாமனும் மச்சானும் இருக்கிறார்கள்.

புதியம்புத்தூரில் வாழ்கிற நமக்கு லாவன்ஹாம் என்னும் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சபோக் பகுதியிலுள்ள அந்த ஊர், நம் ஊரைப்போலவே துணியால் பிழைத்த ஊர். நமக்கு ஆயத்த ஆடை. அவர்களுக்கு நீலச்சாயமிட்ட கம்பளித்துணி. அவ்வூர் ஆலயத்தின் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தது. பிரபுவின் பணமும் துணி வணிகரின் பணமும் சேர்ந்து எழுப்பியது. கோபுரத்தின் உயரம் 141 அடி. தாமஸ் ஸ்பிரிங் என்ற வணிகர் 1523-இல் மரித்தபோது கோபுரத்தை முடிப்பதற்கென உயிலில் பணம் வைத்துப்போனார். அவர் குடும்பச் சின்னம் கோபுரத்தின் உச்சியில் ஒருமுறையல்ல, பலமுறை செதுக்கப்பட்டிருக்கிறது. ட்யூப் லைட்டின் வெளிச்சத்தை மறைக்குமளவுக்கு உபயகாரர் பெயரை எழுதும் நம் வழக்கம் புதிதல்ல என்று இதனால் அறிகிறோம்.

ஆனால் எல்லா ஆலயமும் செழிப்பின் நாளில் கட்டப்பட்டதல்ல. 1348-இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் நுழைந்தது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டார்கள். கல்தச்சர்களும் மாண்டார்கள், குருமாரும் மாண்டார்கள்; பாதியில் நின்ற சுவர்கள் பல ஆண்டுகள் அப்படியே நின்றன. ஹார்ட்போர்டுஷயரில் ஆஷ்வெல் ஊர் ஆலயத்தில், கோபுரத்தின் உட்சுவரில், யாரோ ஒருவர் கூரிய கருவியால் லத்தீன் மொழியில் கீறிவைத்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. நோய் வந்ததையும், ஊர் அழிந்ததையும், சில ஆண்டுகள் கழித்துப் பெருங்காற்று அடித்ததையும் அவை சொல்லுகின்றன. எழுதியவர் பெயர் இல்லை. கொரோனா காலத்தில் கதவு பூட்டிய நம் ஆலயத்தின் முன் சாலையில் நின்று ஜெபித்துவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். அந்தச் சுவரைச் சுரண்டி வழுவழுப்பாக்கி வண்ணம் பூசியிருந்தால், அந்தப் பெயரில்லாதவரின் சாட்சி இன்று நமக்கு இல்லை.

அவ்வாறு அழிந்தவையும் ஏராளம். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. சீர்திருத்தத்தின் பிள்ளைகளாகிய நாம் அதற்கான காரணத்தை அறிவோம். விந்தை என்னவென்றால், அந்தச் சுண்ணாம்பே போர்வையாகி ஓவியங்கள் பலவற்றைக் காத்துவைத்தது. பெருஞ்சேதம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆலயங்களை அழகுபடுத்துகிறோம் என்று நல்ல மனதோடு புறப்பட்டவர்கள், பழைய பூச்சையெல்லாம் சுரண்டினார்கள். ஒரே பாணியில் இல்லாத பகுதிகளை இடித்து ஒரே பாணியாக்கினார்கள். இதை எதிர்த்து 1877-இல் வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சுரண்டாதே சங்கம் என்று அதற்குச் செல்லப்பெயர் வந்தது. அவர் கேட்டது மிக எளியது. ஓட்டை விழுந்த கூரையை அன்றைக்கே அடையுங்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள். அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தள்ளிப்போடுங்கள் என்பதே.

அதே 1877-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று கல்கத்தாவில் ராபர்ட் கால்டுவெல் அத்தியட்சராக அபிஷேகம்பண்ணப்பட்டார். இடையன்குடியில் அவர் கட்டத் தொடங்கிய ஆலயம் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

இப்போது நம் மண்ணுக்கு வந்துவிட்டோம். திருநெல்வேலிச் சீமையில் நம் முன்னோரின் முதல் ஜெபவீடுகளில் பல, மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தவை. காற்றுக்கும் நெருப்புக்கும் அவை எளிதில் இரையாயின. பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் அம்மையார் கட்டிய சிறிய ஆலயத்தை ஷ்வார்ட்ஸ் ஐயர் 1785-இல் பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அழைத்த அது இன்றும் நிற்கிறது. 1826-இல் ரேனியஸ் ஐயர் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தை ஊசிக்கோபுரம் என்றுதான் எல்லாரும் அறிவார்கள். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் 1844-இல் அஸ்திபாரம் போட்டார்; 1847-இல் ஆராதனை தொடங்கிற்று; 192 அடி ஊசிக்கோபுரம் முடிவதற்கோ 1868 ஆயிற்று. ஆலயத்திற்கும் கோபுரத்திற்கும் இடையே 21 ஆண்டுகள். கோபுரம் இல்லாத ஆலயத்தில் அத்தனை ஆண்டுகள் ஆராதித்த சபையார், ஆலயம் குறையாயிருக்கிறது என்று வெட்கப்படவில்லை.

இடையன்குடி இதிலும் நீண்டது. கால்டுவெல் ஐயர் 1841-இன் இறுதியில் அந்தத் தேரிமணல் ஊருக்கு வந்தார். 1847-இல் ஆலயத்திற்கு அஸ்திபாரம் போடப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6 அன்று. 33 ஆண்டுகள். அஸ்திபார நாளில் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை, பிரதிஷ்டை நாளில் தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். இடையில் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. தாதுவருஷப் பஞ்சம் வந்தது. கஞ்சித்தொட்டியின் முன் ஜனங்கள் நின்றார்கள். ஆலயப் பணம் முதலில் எங்கே போகவேண்டும் என்று பஞ்சகாலத்தில் எந்தக் குருவானவரையும் கேட்கத் தேவையில்லை.

கூர்வளைவை ஒருபோதும் கண்டிராத நம் ஊர்க் கொத்தனார்களுக்கு அதைக் கற்பிக்க, கால்டுவெல் ஐயர் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரிகள் செய்து காட்டினார் என்று சொல்லப்படுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. இடைக்கால இங்கிலாந்திலும் தலைமைத் தச்சர், மரப்பலகையில் அளவு வெட்டிக் கொடுப்பார். கல்தச்சர் அதைக் கல்மேல் வைத்துச் செதுக்குவார். நம் தையற்கூடங்களில் அட்டையை வைத்துத் துணி வெட்டுகிறவர்களுக்கு நான் இதை மேலும் விளக்கவேண்டியதில்லை. மாதிரி அந்நியருடையது; வெட்டிய கை நம்முடையது. 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் மரித்த கால்டுவெல் ஐயரின் சரீரம் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஆலயத்துப் பீடத்தின் கீழ் அடக்கம்பண்ணப்பட்டது.

கூர்வளைவு அந்நியச் சின்னம்தானே, போனால் போகட்டும் என்று சில வாலிபர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1839-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஒரு சங்கம், 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆலயமே கிறிஸ்தவ ஆலயத்தின் சரியான வடிவம் என்று போதித்தது. அந்த எண்ணம் கப்பலேறி உலகமெங்கும் போயிற்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெஞ்ஞானபுரத்துக்கு அருகே வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, மெஞ்ஞானபுரத்தில் படித்த அசரியா அத்தியட்சருக்கும் இருந்திருக்காது. டோர்னக்கல்லில் அவர் கட்டி 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்த பேராலயத்தில், நம் நாட்டுக் கோயில் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் அவர் எதையும் இடித்துவிட்டு அதைச் செய்யவில்லை. புதிய இடத்தில் புதிய வடிவத்தை எழுப்பினார்.

அன்பானவர்களே, இனி விரிசலைப்பற்றிப் பேசுவோம். நம் கிளைச்சபை ஆலயம் நிற்பது கரிசல்மேல். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கை நுழையுமளவுக்கு வெடிக்கும் மண் இது. நம் முன்னோர் இதை அறியாதவர்களல்ல. கரிசலைத் தோண்டியெடுத்து, கீழே சுக்கான் பாறை தட்டுப்படும்வரை போய், ஓடைமணல் நிரப்பி, அதன்மேல் அஸ்திபாரம் போடுவது அவர்கள் முறை. சுவரைச் சுண்ணாம்புக் காரையால் கட்டினார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்த்தார்கள். சுண்ணாம்புக் காரை சிமெண்டுபோல் விறைத்து நிற்பதில்லை. மண் சற்று அசைந்தால் அதுவும் சற்று இசைந்துகொடுக்கும். மயிரிழை விரிசல்கள் மழைத்தண்ணீரில் கரையும் சுண்ணாம்பால் தாமே அடைபடுவதும் உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியேறும்.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், நல்ல எண்ணத்தோடே, அந்த ஆலயத்தின் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு கொடுக்கப்பட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கிற்று. இப்போது உப்புப் பூத்துப் பாளம் பாளமாக விழுவது பழைய சுவரா, மேலே போட்ட பூச்சா? கூரையின் மழைநீர்க் குழாய் உடைந்து எத்தனை மழைக்காலமாக அந்த வடக்கு மூலையிலேயே தண்ணீர் கொட்டுகிறது? கரிசலில் ஒரு மூலை மட்டும் நனைந்து உப்பினால் அந்தப் பக்கத்துச் சுவர் விரியும் என்று வீடு கட்டிய எவரும் சொல்லுவார். இடைக்கால ஆங்கிலேயர் கூரைத்தண்ணீர் சுவரில் படாமல் தூரப்போய் விழும்படி, வாயைப் பிளந்த பூதமுகங்களைக் கல்லில் செதுக்கி மேலே வைத்தது வேடிக்கைக்காக மட்டுமல்ல.

அந்த விரிசல் அஸ்திபாரத்திலிருந்து வந்ததென்றால், இடிப்பதற்கு நானே முதலில் கையை உயர்த்துவேன். ஆராதிக்கிறவர்களின் உயிரைவிடச் சுவர் பெரிதல்ல. உடைந்த குழாயிலிருந்து வந்ததென்றால், ஒரு குழாயின் விலையில் தீரவேண்டியதற்காக 140 ஆண்டுகளை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். இடம் பற்றாத குறைக்கு, தென்புறத்தில் ஒரு பக்கக்கூடம் சேர்க்க முடியுமா என்று இதுவரை ஒருவரிடமும் நாம் கேட்கவில்லை. அப்படிச் சேர்த்தால், வேலை நடக்கும் மாதங்களிலும் ஆலயக் கதவு திறந்திருக்கும். பெரியம்மாவுக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

யோவாசின் பெட்டிக்கு வருகிறேன். நம் கிளைச்சபைக் கணக்கில் புதிய கட்டட நிதி என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதில் தொகையும் இருக்கிறது. ஆலயப் பராமரிப்பு என்று ஒரு தலைப்பு இல்லவே இல்லை. புதிய ஆலயம் என்றால் கொடுக்கிறவர்கள், பழைய கூரைக்கு என்றால் யோசிக்கிறார்கள். குழாயில் பெயர் பொறிக்க முடியாதல்லவா. யோய்தாவின் பெட்டியில் போட்டவர்கள் ஒருவருடைய பெயரும் வேதத்தில் இல்லை. வேலையாட்களிடம் கணக்குக் கேட்கவும் இல்லை, அவர்கள் உண்மையாய் நடந்தபடியினால். இந்த ஞாயிறுமுதல் அந்த ஆலயத்தில் பீடத்தின் வலப்பக்கம் ஒரு சிறிய மரப்பெட்டி வைக்கப்படும். அதில் விழுவது கூரைக்கும் குழாய்க்கும் சுவருக்கும் மட்டும். ஒலிபெருக்கிக்கு அல்ல, டைல்ஸுக்கு அல்ல.

சபைக் கூட்டத்திற்கு முந்திய சனிக்கிழமை காலை 7 மணிக்கு, சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனாரும், ஒரு பொறியாளரும் ஆலயத்திற்கு வருகிறார்கள். வடக்கு மூலையில் ஒரு குழி தோண்டி அஸ்திபாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். புதிய ஆலயம் வேண்டுமென்கிறவர்களும் வேண்டாமென்கிறவர்களும் தவறாமல் வந்து, குழிக்குள் குனிந்து, உங்கள் கண்ணால் பாருங்கள். வாலிபர்கள் ஏணியில் ஏறிக் கூரையின் சருகையும் சுவரில் வேர்விட்டிருக்கும் அரசங்கன்றையும் அகற்ற உதவுங்கள். இன்னொரு விண்ணப்பம். உங்கள் வீடுகளில் பழைய திருமணப் படங்கள் இருக்கும். ஆலயத்தின் வடக்குச் சுவர் பின்னணியில் விழுந்திருக்கும் படம் எதுவாயிருந்தாலும், எந்த ஆண்டு என்று குறித்து எடுத்துவாருங்கள். விரிசல் எப்போது தொடங்கிற்று, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொத்தனார் சொல்லிவிடுவார்.